குர்ட் டாங்க்: போர்க்குதிரையை வானில் விட்ட பொறியாளர்

அறிவியல் மேதைகளின் வரலாறு என்றதும் மாணவ உலகம் நினைப்பது நியூட்டனையும் ஐன்ஸ்டைனையும் நம் சர் சி. வி. இராமனையும்தான். இயற்கையின் விதிகளைக் கண்டவர்களுக்கு ஏடுகளில் என்றும் இடமுண்டு. அவ்விதிகளுக்கு அடங்கி நின்று, கிடைத்த உலோகத்தையும் கிடைத்த எஞ்சினையும் கொண்டு, குறித்த நாளுக்குள் ஒரு பொருளைச் செய்து முடித்தவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டாக வேண்டும் என்னும் கணக்கை நாள்தோறும் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அத்தகையோருள் முன் வரிசையில் நிற்பவர் குர்ட் டாங்க்.

ஜெர்மனியில் பிறந்து, அர்ஜென்டினாவில் உழைத்து, பின்னர் நம் பெங்களூரில் இந்தியாவின் முதல் ஜெட் சண்டை விமானத்தை வடிவமைத்துத் தந்தவர் இவர். தமிழகத்திற்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. குரோம்பேட்டையிலுள்ள மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், அங்கிருந்த ஜெர்மானியப் பேராசிரியர்களுள் ஒருவராக டாங்க்கைத் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். இவர் வாழ்வு முழுதும் போற்றத் தக்கது என்று கூற நான் வரவில்லை. போற்றத் தக்கது எது, தக்கதல்லாதது எது என்பதை வாசகர்களோடு சேர்ந்து காணவே விரும்புகிறேன்.

இளமையும் போர்க்களமும்

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் புரோம்பெர்க் நகரில் டாங்க் பிறந்தார். அன்று ஜெர்மன் பேரரசில் இருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டில் பிட்கோஷ்ச் என்ற பெயரோடு விளங்குகிறது. படைவீரர் மரபில் வந்த குடும்பம். முதல் உலகப் போர் மூண்டபோது இளைஞர் டாங்க்குக்கு விமானப் பிரிவில் சேரவே ஆசை. தந்தையாரோ குடும்ப மரபை விடச் சம்மதிக்கவில்லை. ஆகவே குதிரைப் படையில் சேர்ந்தார், காயம்பட்டார், வீரப் பதக்கமும் பெற்றார். குதிரைகளோடு கழித்த அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1923-இல் தேறினார். தோல்வியுற்ற ஜெர்மனி போர் விமானம் வைத்துக்கொள்ள வெர்சேல்ஸ் உடன்படிக்கை தடை விதித்திருந்தது. ஆகவே பறக்கும் ஆசை கொண்ட மாணவர்கள் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களை நாடினர். பெர்லின் மாணவர்கள் அதற்கென ஒரு சங்கமே அமைத்தனர். அதை நிறுவியவர்களுள் டாங்க்கும் ஒருவர். மாணவர் சங்கம் என்றால் ஆண்டு விழாவும் சிற்றுண்டியும்தான் என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்கலாம். எஞ்சினின் வலிமை இல்லாதபோது இறக்கையின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது.

பிரெமன் நகரில்

ரோர்பாக் நிறுவனத்தில் உலோகப் பறக்கும் படகுகளை வடிவமைத்தார். சிறிது காலம் பவேரிய விமானத் தொழிற்சாலையில் இருந்தார். 1931-இல் பிரெமன் நகரத்து ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே வடிவமைப்புப் பிரிவும் சோதனைப் பறப்புப் பிரிவும் அவர் பொறுப்பில் வந்தன. தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஏறி ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். காகிதத்தில் இட்ட கோட்டின் பிழையை முதலில் உணர்வது தம் முதுகெலும்பே என்றால், கோடு இடும் கை கவனமாகத்தானே இருக்கும்!

அவர் வடிவமைத்த நான்கு எஞ்சின் பயணி விமானமான காண்டர், 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க் நகருக்கு எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் பறந்து உலகை வியக்க வைத்தது. பயணிகளுக்காக எடை குறைத்துக் கட்டிய அந்த உடலின்மேல் போர்க்காலத்தில் குண்டுகளையும் பீரங்கிகளையும் ஏற்றினார்கள். இறங்கும்போது முதுகு ஒடிந்து போன காண்டர்கள் பல. ஒரு வேலைக்கு அளந்து தைத்த சட்டையை வேறு வேலைக்கு மாட்டினால் நேரும் விளைவு அது.

போர்க்குதிரை

1937-இன் இறுதியில் ஜெர்மானிய விமான அமைச்சகம் புதிய சண்டை விமானம் ஒன்றை வேண்டியது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஏற்கெனவே படையில் இருந்தது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பிறந்துவிட்டது. டாங்க் இவ்விரண்டையும் பந்தயக் குதிரைகளாகக் கருதினார். நல்ல தீனியும் சமதரை ஓட்டமும் கிடைத்தால் வேகத்தில் அவற்றை வெல்வார் இல்லை. ஆனால் போர்க்களம் குதிரைப் பந்தயத் திடலா? சேறும் பனியும், அரைகுறைப் பயிற்சி பெற்ற வீரனும், பழுது பார்க்க நேரமில்லாத பணியாளனும் உள்ள இடம் அது. தாம் குதிரைப் படையில் கண்ட முரட்டுப் போர்க்குதிரையைப் போன்ற விமானம் ஒன்று வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதன் பயனே ஃபோக்கே-வுல்ஃப் 190.

முதல் கேள்வி எஞ்சின். நீரால் குளிர்விக்கும் எஞ்சின் ஒல்லியானது. மூக்கைக் கூர்மையாக வைக்கலாம். காற்றின் எதிர்ப்புக் குறைவு. ஆனால் குளிர்நீர்க் குழாயில் ஒரு குண்டு பட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும். தவிரவும் அத்தகைய எஞ்சின்கள் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கே போதாமல் இருந்தன. டாங்க் காற்றால் குளிரும் வட்ட எஞ்சினை எடுத்துக்கொண்டார். அதன் முகம் அகலமானது, எதிர்ப்பு மிகுதி. ஆயினும் அடிபட்டாலும் ஓடும். அகன்ற முகத்தின் தீமையைக் குறைக்க எஞ்சினை இறுக்கமான உறையால் மூடி, முன்னே குளிர்விக்கும் விசிறி ஒன்றையும் வைத்தனர்.

1939 ஜூன் 1-ஆம் நாள் ஹான்ஸ் சாண்டர் என்னும் விமானி அதை முதன்முதலாக வானில் ஏற்றினார். விமானம் அருமையாகப் பறந்தது. விமானிதான் வெந்து போனார்! எஞ்சினை ஒட்டியே இருந்த அறையில் வெப்பம் 55 டிகிரியை எட்டியது. ஏர்பேட்டின் கத்திரி வெயிலில் ஆய்வுக்கூடத்திற்கு நடந்து பழகிய நமக்கே அது தாங்காது. பிறகு பி.எம்.டபிள்யூ. 801 என்னும் புதிய எஞ்சின் வந்தது. அது 14 உருளைகள் கொண்டது, முந்தியதைவிடக் கனமானது. எடையைச் சமன் செய்ய விமானியின் அறையைப் பின்னே தள்ளினார்கள். வெப்பமும் ஓரளவு தணிந்தது. ஒரு கல்லில் இரு மாங்காய்.

எடை கூடியதால் இறக்கை போதவில்லை. 15 சதுர மீட்டராக இருந்த பரப்பை 18.3 ஆக உயர்த்தினர். வேகத்தில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் போயிற்று. மேலே ஏறும் திறனும் திரும்பும் திறனும் வந்தன. டாங்க் இந்தப் பண்டமாற்றுக்குத் தயங்கவில்லை.

சக்கரங்களைப் பாருங்கள். மெஸ்ஸர்ஷ்மிட்டின் சக்கரங்கள் நெருக்கமானவை. இறங்கும்போதும் ஏறும்போதும் சாய்ந்து விழுந்தவை எண்ணிறந்தன. டாங்க் அகன்று நிற்கும் கால்களைக் கொடுத்தார். வழக்கமாகக் கேட்கப்படும் வலிமையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வலிமையையும் அவற்றிற்குக் கொடுத்தார். அன்று அது வீண் எடையாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் பீரங்கிகளும் கவசத் தகடுகளும் குண்டுகளுமாக விமானம் ஆண்டுதோறும் பருத்தபோது அந்தக் கால்களே சுமந்தன. இன்னொன்று, எஞ்சினின் கட்டுப்பாடு. எரிபொருள் கலவை, புரொப்பெல்லரின் கோணம், சுழல் வேகம் ஆகியவற்றையெல்லாம் ஒரே நெம்புகோலோடு இணைத்துத் தானே சரிசெய்யும் கருவி ஒன்றைப் பொருத்தினர். சண்டையில் விமானிக்குக் கைகள் இரண்டே அல்லவா?

வானில் நடந்த பரீட்சை

1941-இன் பிற்பகுதியில் ஆங்கிலக் கால்வாயின்மேல் இவ்விமானம் தோன்றியது. ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகையை ஓட்டிய பிரிட்டிஷ் விமானிகள் திகைத்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23-இல் ஆர்மின் ஃபேபர் என்னும் ஜெர்மானிய விமானி திசை மயங்கி வேல்ஸ் நாட்டுப் பெம்ப்ரி தளத்தில் இறங்கிவிட்டார். பிரிட்டிஷார் அந்த விமானத்தைச் சோதித்தபோது, எல்லா உயரங்களிலும் மணிக்கு ஏறத்தாழ 20 முதல் 35 மைல் வரை அது தங்கள் ஸ்பிட்ஃபயரை முந்துவதைக் கண்டனர். ஸ்பிட்ஃபயருக்கு எஞ்சியிருந்த ஒரே மேன்மை, சிறிய வட்டத்தில் திரும்புவது.

இதன் காரணத்தை இயற்பியல் மாணவர் எவரும் எளிதில் காணலாம். ஒரு விமானம் எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும் என்பது அதன் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்து வரும் எண்ணைப் பெரிதும் பொறுத்தது. ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமார் 130 கிலோவைச் சுமந்தது. ஃபோக்கே-வுல்ஃபின் இறக்கை 200 கிலோவுக்கு மேல் சுமந்தது. ஆகவே வட்டத்தில் ஸ்பிட்ஃபயரே வெல்லும். ஆனால் திரும்பத் தொடங்குமுன் விமானம் பக்கவாட்டில் உருள வேண்டுமே! குட்டையான இறக்கையும் எளிதில் அசையும் கட்டுப்பாடுகளும் கொண்ட ஃபோக்கே-வுல்ஃப் கண்ணிமைக்கும் நேரத்தில் உருண்டு வேறு திசையில் பாய்ந்துவிடும். இதற்கு ஈடு கொடுக்கவே சில ஸ்பிட்ஃபயர்களின் அழகிய இறக்கை நுனிகளைப் பின்னர் வெட்டிக் குறைத்தனர். 1942 ஆகஸ்ட் 19-இல் நடந்த டியெப் தாக்குதலில் பிரிட்டிஷ் தரப்பு நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜெர்மானியர் இழந்தது அதில் ஏறத்தாழப் பாதி.

உயரம் என்னும் குறை

ஆயினும் குறையில்லாப் படைப்பு ஏது? ஆறாயிரம் மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். அந்த மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் கருவி சிறப்பாக இருந்தால்தான் ஆற்றல் குறையாது. பி.எம்.டபிள்யூ. எஞ்சின் இவ்விடத்தில் தளர்ந்தது. 1942-இன் நடுவில் வந்த ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர், இரண்டு நிலைகளில் காற்றை அழுத்தும் மெர்லின் எஞ்சினோடு அந்த உயரத்தில் ஆட்சி செலுத்தியது. பின்னர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களும் வந்தது அந்த உயரத்தில்தான். அவற்றை வீழ்த்த ஃபோக்கே-வுல்ஃபுக்குக் கனத்த கவசமும் பெரிய பீரங்கிகளும் பூட்டினர். கவசம் பூண்ட விமானம் மந்தமாகி, காவலுக்கு வந்த மஸ்டாங் விமானங்களுக்கு இரையாயிற்று. அதைக் காக்க வேறு சண்டை விமானங்களை உடன் அனுப்ப வேண்டியதாயிற்று. காவலனுக்கே காவல்!

டாங்க் சளைக்கவில்லை. நீரால் குளிரும் யூமோ 213 எஞ்சினைப் பொருத்தி மூக்கை நீட்டினார். மூக்கு நீண்டதற்கு ஈடாக வாலையும் அரை மீட்டர் நீட்டினார். 1944-இன் பிற்பகுதியில் இந்த நீள்மூக்கு விமானம் களம் வந்தது. அதற்கும் மேலாக, 14.44 மீட்டர் இறக்கை விரிப்புடன் மிக உயரப் பறக்கும் ஒன்றுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே சூட்டி டி.ஏ. 152 என்றனர். அதைத் தாமே ஓட்டிச் சென்றபோது மஸ்டாங் விமானங்கள் துரத்த, எஞ்சினுக்கு நீர்-மெத்தனால் கலவையைச் செலுத்தி டாங்க் தப்பிய வரலாறு பலரும் அறிந்தது. ஆனால் அவ்வகையில் சில பத்து விமானங்களே வெளிவந்தன. எரிபொருளும் இல்லை, பயிற்சி பெற்ற விமானிகளும் இல்லை. இருபதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட ஃபோக்கே-வுல்ஃப் 190-ஆல் போரின் போக்கை மாற்ற இயலவில்லை.

விடுபட்ட கணக்கு

இங்கே சற்று நிற்க வேண்டும். டாங்க்கின் கணித நுட்பத்தை வியந்துகொண்டே வந்த நான், இந்த விமானங்கள் எவருக்காகப் பறந்தன என்பதை மறைத்தால் அது நேர்மையாகாது. ஐரோப்பாவை அடிமைப்படுத்தி, இலட்சக்கணக்கான யூத மக்களைக் கொன்று குவித்த ஹிட்லர் ஆட்சிக்காகவே அவை பறந்தன. ஃபோக்கே-வுல்ஃப் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து பிடித்து வந்த மக்கள் கட்டாய உழைப்பில் வதைக்கப்பட்டனர். டாங்க் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அந்த ஆட்சியின் சிறப்புகளைப் பெற்றவர். எடையும் வேகமும் ஏற்றமும் எல்லாம் எழுதிய அவர் கணக்கேட்டில் இந்த ஒரு வரி விடுபட்டது. பொறியாளன் கேட்ட பொருளைச் செய்து தருபவன்தானே, பயன்படுத்துவோன் செய்யும் பாவம் அவனுக்கு ஏது என்று சிலர் வாதிடுவர். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு விமானத்தின் கால் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்க்கும் அறிவு, அந்த விமானத்தை எழுப்பும் கைகள் எவ்வளவு தாங்கும் என்றும் எண்ணியிருக்கலாம்.

கடல் கடந்து

தோற்ற நாட்டில் அவருக்கு வேலையில்லை. 1947-இல் வேறொரு பெயரில் அர்ஜென்டினா சென்றார். அவர் குழுவினர் பலரும் சென்றனர். கோர்தோபா நகரில், பின்னோக்கி வளைந்த இறக்கைகளும் பிரிட்டிஷ் நீன் எஞ்சினும் கொண்ட புல்கி இரண்டு என்ற ஜெட் விமானத்தை 1950-இல் பறக்க விட்டார். சோதனைகளில் விமானிகள் உயிரிழந்தனர். 1955-இல் அதிபர் பெரோன் வீழ்ந்தார், திட்டமும் வீழ்ந்தது. புரவலனை நம்பிய கலைஞனின் கதி அது.

பெங்களூரில் மாருத்

1956-இல் இந்தியா அவரை அழைத்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1940-இல் தொடங்கப்பட்டது. வி. எம். காட்கே தலைமையில் எச்.டி. 2 என்னும் பயிற்சி விமானத்தை 1951-லேயே நம்மவர் பறக்க விட்டிருந்தனர். பயிற்சி விமானத்திலிருந்து ஒலியைப்போல் இரு மடங்கு வேகமுள்ள சண்டை விமானத்திற்குத் தாவுவது சிறு செயலா? நேருவின் அரசு துணிந்தது. தம்மோடு வந்த சிறு ஜெர்மானியக் குழுவோடும் இந்தியப் பொறியாளர்களோடும் டாங்க் வேலையைத் தொடங்கினார்.

முதலில் எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றை முழு அளவில் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்து 1959-இல் சோதித்தனர். பெர்லின் மாணவர் சங்கத்தின் பழைய பாடம் பெங்களூரில் கைகொடுத்தது! 1961 ஜூன் 17-இல் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி எஞ்சினுடன் கூடிய மாருத் விமானத்தை வானில் ஏற்றினார். இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் சண்டை விமானம் அது. நாம் மாருதம் என்கிறோமே, அந்தக் காற்றின் பெயரையே அது தாங்கியது.

ஆனால் அந்தக் காற்றுக்கு மூச்சுப் போதவில்லை. வெளியேறும் வெந்த காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்து, 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரும் புதிய ஆர்ஃபியஸ் எஞ்சின் இரண்டை மனத்தில் வைத்தே டாங்க் வரைந்திருந்தார். அதை உருவாக்கி முடிக்கப் பிரிட்டிஷார் பணம் கேட்டனர். நம் அரசு தரவில்லை. ஆகவே நேட் விமானத்திற்காகப் பெங்களூரிலேயே செய்து வந்த ஆர்ஃபியஸின் உறவான 4,850 பவுண்டு எஞ்சின் இரண்டைப் பொருத்தினர். இரு மடங்கு ஒலி வேகம் கனவாயிற்று. நேர்மட்டப் பறப்பில் ஒலி வேகத்தைத் தாண்டுவதே அரிதாயிற்று. ரஷ்ய எஞ்சினை நாடினர். எகிப்தில் செய்த எஞ்சினைச் சோதித்தனர். நம் நாட்டிலேயே பின்னெரிப்பு அமைக்க முயன்றனர். ஒன்றும் கைகூடவில்லை. அத்தகைய சோதனை ஒன்றில்தான் 1970 ஜனவரி 10-இல் சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். பெங்களூரில் ஒரு சாலை இன்றும் அவர் பெயர் சொல்கிறது.

இருந்தும் மாருத் தோற்றது என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் பாலையிலிருந்து எழுந்த மாருத் விமானங்கள் தாழப் பறந்து எதிரியின் தரைப்படையைத் தாக்கின. வான் சண்டையில் ஒன்றுகூட வீழவில்லை. தரையிலிருந்து சுட்டதில் சில போயின. ஓர் எஞ்சின் அடிபட்டு மற்றொன்றால் தளம் திரும்பியவையும் உண்டு. சேபர் விமானம் ஒன்றை மாருத் பீரங்கியால் வீழ்த்தியதாகவும் நம் விமானப்படையினர் பதிவு செய்துள்ளனர். உயர வானில் பந்தயம் ஓடப் பிறந்த விமானம் தாழ்ந்த வானில் போர்க்குதிரையாயிற்று. உறுதியான உடலும் நிலையான பறப்பும் டாங்க்கின் கொடை. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1990-இல் கடைசி மாருத் ஓய்வு பெற்றது. பெங்களூரில் விமான நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அதன் மெல்லிய இடையையும் கூரிய மூக்கையும் கண்டபோது, இதற்குத் தக்க எஞ்சின் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எனக்குத் தவிர்க்க முடியாததாயிற்று.

டாங்க் 1967-இல் இந்தியாவை விட்டுத் தாயகம் திரும்பினார். 1983 ஜூன் 5-இல் மியூனிக் நகரில் காலமானார்.

நமக்குரிய பாடம்

1956-இல் நாம் சிறந்த வடிவமைப்பாளரை வரவழைத்தோம்; எஞ்சினுக்கான செலவைத் தள்ளி வைத்தோம். அன்று மிச்சம் பிடித்த பணத்திற்கு வட்டி இன்றும் கட்டி வருகிறோம். 2001-இல் முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் விமானம் அமெரிக்க எஞ்சினையே நம்பியுள்ளது. அதற்காக 1989-இல் தொடங்கிய காவேரி எஞ்சின் அதனோடு சேரவில்லை. எஞ்சின் என்பது ஒரு மேதை வந்து ஐந்தாண்டில் வரைந்து தரும் பொருள் ஆகாது. தீயில் உருகாத உலோகக் கலவையும், அதைப் படிகமாக வார்க்கும் கலையும், எரிதலின் இயற்பியலும் பல ஆண்டு உழைப்பில் விளைய வேண்டும். அவை நம் போன்ற முதுநிலை மாணவர்களின் ஆய்வுக்கூடங்களில் தொடங்குபவை.

ஊர்விட்டு வந்து ஏர்பேட்டில் பயிலும் தமிழ் மாணவர்களே! நாளை நம்மில் பலர் இன்னும் தொலைவு செல்வோம்; எவரோ தரும் கூலிக்கு எதையோ செய்வோம். டாங்க் மூன்று கண்டங்களில் வேலை செய்தார். எங்குச் சென்றாலும் அவர் கைவேலை சோடை போகவில்லை, அதைக் கற்போம். எவருக்காகச் செய்கிறோம் என்று அவர் கேட்டுக்கொண்டதாக அவர் வாழ்வில் தடயமில்லை. அதை நாம் முதல் நாளே கேட்டுக்கொள்வோம்.